காயைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? செஸ் எஞ்சினும் பலி நகர்த்தல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித்தருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் பாதி இப்போது எஞ்சினைப் (ஆட்டத்தை அலசி நல்ல நகர்த்தலைச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரல்) பற்றித்தான். அதிலும் காயை வேண்டுமென்றே கொடுத்து ஆடும் பலி நகர்த்தல்களில்தான் (வகுப்பில் சாக்ரிஃபைஸ் என்றே சொல்வோம்) குழப்பம் அதிகம். ஒவ்வொருவரிடமும் நின்று சொல்ல நேரம் போதவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

என் பெண் யானையைக் கொடுத்து ஆடி ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து போனில் போட்டுப் பார்த்தால் அந்த நகர்த்தலுக்குச் சிவப்புக் கேள்விக்குறி. யார் சொல்வது சரி, சார்?

இந்தக் கேள்வி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண். சிசிலியன் ட்ராகன் என்ற தொடக்கத்தில் கறுப்புக் காய். சி8 கட்டத்தில் இருந்த யானையால் சி3 குதிரையை வெட்டினாள். வெள்ளை பி2 சிப்பாயால் திருப்பி வெட்டியது. அடுத்து அவளுடைய குதிரை ஈ4 சிப்பாயை எடுத்தது. கணக்குப் போட்டால் யானைக்கு ஐந்து போனது, குதிரைக்கு மூன்றும் சிப்பாய்க்கு ஒன்றும் வந்தது. ஒரு புள்ளிதான் நஷ்டம். அதற்குப் பதிலாக, ராணிப் பக்கம் கோட்டை கட்டியிருந்த வெள்ளை ராஜாவுக்கு முன்னால் சிப்பாய்கள் சிதறிவிட்டன.

போன் காட்டிய சிவப்பைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: “இனிமே காய் கொடுக்க மாட்டேன் சார்.” எனக்கு மனசே கேட்கவில்லை. வகுப்பு லேப்டாப்பில் அதே நிலையை வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். யார் எவ்வளவு முன்னால் என்பதை எஞ்சின் ஒரு எண்ணாகச் சொல்லும்; முதலில் வெள்ளைக்குச் சாதகமாக ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அவள் ஆடிய நகர்த்தல்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் விட்டோம். எண் பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது நகர்த்தலில் ஏறத்தாழ சமம். பின்பு அதே வழியில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது, முன்பு ஒன்றுக்கு மேல் காட்டிய அதே நிலையில் எஞ்சினும் எண்ணை மாற்றிக்கொண்டது.

ஆக, அவள் ஆடியது தப்பில்லை. போன் அவசரமாகப் பார்த்துவிட்டுச் சொன்னது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எஞ்சின் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பிள்ளை கொஞ்ச நாளில் பலி கொடுப்பதையே நிறுத்திவிடுகிறது. அந்த எண் எவ்வளவு தூரம் பார்த்துவிட்டுச் சொன்னது என்று முதலில் கேட்க வேண்டும்.

எஞ்சின் யோசிக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

செஸ்ஸில் ஒரு சாதாரண நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் ஆடலாம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 35 பதில். இருவரும் ஆளுக்கு இரண்டு முறை ஆடினாலே 15 லட்சம் வழிகள் ஆகிவிடும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் தூரம் போக முடியாது. எல்லா நகர்த்தலையும் ஓர் அளவுக்குப் பார்ப்பதா, நல்லதாகத் தோன்றும் சிலவற்றை மட்டும் ஆழமாகப் பார்ப்பதா என்ற கேள்வியைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-லேயே எழுதிவிட்டார். இன்றைய எஞ்சின்கள் இரண்டையும் கலந்து செய்கின்றன.

முதல் வேலை, வேண்டாததை வெட்டுவது. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல பதில் இருந்தாலே அது தேறாது. மற்ற 34 பதில்களையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மாதிரி. இதற்கு ஆல்ஃபா-பீட்டா என்று பெயர். இதனால் விடை மாறாது, நேரம் மட்டும் மிச்சமாகும்.

பலிக்குச் சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. எஞ்சின் நகர்த்தல்களை வரிசைப்படுத்தும்: லாபமாகக் காய் வெட்டுவது, ஏற்கெனவே இதே மாதிரி நிலைகளில் வேலை செய்த நகர்த்தல் என்று நல்லதாகத் தோன்றுவதெல்லாம் முன்னால். காயைச் சும்மா கொண்டுபோய் வைக்கும் நகர்த்தல் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். கடைசியில் நிற்பவற்றை எஞ்சின் மேலோட்டமாக, சில நகர்த்தல்கள் குறைத்தே பார்க்கும். அந்தக் குறைந்த தூரத்துக்குள் ஏதாவது ஆச்சரியம் தென்பட்டால் மட்டும் திரும்பி வந்து முழு ஆழத்தில் பார்க்கும். பலியின் பலன் அந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்தால், அந்தச் சுற்றில் அது கண்ணில் படாது. எஞ்சின் ஆழம் 20, 21, 22 என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போவதால், ஏதோ ஒரு படியில் குறைத்துப் பார்த்தாலும் பலன் தெரியவரும். அப்போது எண் சட்டென்று தாவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எஞ்சின் எப்போதும் கவனமாக இருக்கிறது. காய்கள் மாறிமாறி வெட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று கணக்குப் பார்க்காது. வெட்டு ஓயும் வரை போய், அமைதியான இடத்தில்தான் எண் போடும்.

முதலில் தப்பு என்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் அதுதான் சிறந்தது என்கிறது. பழுதா?

பழுதில்லை. இரவில் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஹெட்லைட் எட்டும் வரைதான் ரோடு. வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி நிற்கிறதா, ரோடு காலியா என்பது அங்கே போனால்தான் தெரியும். எஞ்சினுக்கும் ஒவ்வொரு ஆழத்திலும் அப்படி ஒரு எல்லை உண்டு. கம்ப்யூட்டர் செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் 1973-ல் இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர் வைத்தார். பழைய எஞ்சின்களிடம் இது வேடிக்கையான விதத்திலும் வெளிப்படும். ராணி போகப்போகிறது, தப்பிக்க வழியில்லை என்ற நிலையில், ஒரு சிப்பாயையும் ஒரு குதிரையையும் வரிசையாகக் கொடுத்து அந்த இழப்பைப் பார்வைக்கு அப்பால் தள்ளிவிட்டு, தப்பிவிட்டதாகக் கணக்குப் போடும். பிள்ளைகள் அதைப் பலி என்று நினைத்துவிடக் கூடாது, அது வெறும் தள்ளிப்போடல்.

எல்லாப் பலியிலும் எஞ்சின் தடுமாறுமா?

இல்லவே இல்லை. செக், செக், செக் என்று போய் செக்மேட்டில் முடியும் பலியை எஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். செக் வைத்தால் எதிராளிக்கு ஒன்றிரண்டு பதில்தானே இருக்கும், வழிகள் பெருகாது. எச்7-ல் பிஷப்பைக் கொடுத்து, ஜி5-க்குக் குதிரை, எச்5-க்கு ராணி என்று வரும் பழைய தாக்குதலை எல்லாப் பிள்ளையும் விரும்பி ஆடும். எதிராளியின் பிஷப் எஃப்5-க்கோ குதிரை எஃப்6-க்கோ வந்து எச்7-ஐக் காக்க முடியும் என்றால் தாக்குதல் அங்கேயே முடிந்துபோகும். இந்த மாதிரி இடத்தில் எஞ்சின் தப்பு என்றால் தப்புதான். வாதாட வேண்டாம்.

தடுமாறுவது வேறு இடம். காயைக் கொடுத்துவிட்டு அடுத்து செக்கும் இல்லாமல், வெட்டும் இல்லாமல், அமைதியாக ஒரு நகர்த்தல் ஆட வேண்டியிருக்கும் பலிகள். எதிராளிக்கு முப்பது பதில் இருக்கும். பலன் பத்துப் பதினைந்து நகர்த்தல் கழித்துத்தான் வரும்.

அப்படி ஒன்றைக் காட்டுங்களேன்.

1998, ஸ்பெயினின் லினாரெஸ் போட்டி. வெள்ளை டோபலோவ், கறுப்பு ஷிரோவ். பலகையை எடுத்து அடுக்குங்கள். வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா ஈ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பு ஆட வேண்டும். கறுப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனால் பிஷப்புகள் வேறு வேறு நிறக் கட்டங்களில் ஓடுபவை, இப்படிப்பட்ட முடிவாட்டம் பெரும்பாலும் டிராவில்தான் போய் நிற்கும்.

ஷிரோவ் 47-வது நகர்த்தலாக பிஷப்பை எச்3-ல் கொண்டுபோய் வைத்தார். ஜி2 சிப்பாயால் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம்!

ஏன் என்று பாருங்கள். கறுப்பு ராஜா எஃப்5 வழியாக ஈ4-க்குப் போக வேண்டும். வழியில் தன் பிஷப்பே நிற்கிறது. பிஷப் சும்மா விலகினால் அந்த ஒரு நகர்த்தலுக்குள் வெள்ளை ராஜா எஃப்2, ஈ3 என்று வந்து கதவை மூடிவிடும். எச்3-க்குப் போனால் ஜி2-வையும் தாக்குகிறது, எஃப்5-ஐயும் காலி செய்கிறது. வெள்ளை வெட்டினால் அதற்கே ஒரு நகர்த்தல் செலவாகிவிடும், கறுப்பு ராஜா ஒரு படி முந்திக்கொள்ளும். வெட்டாமல் ராஜாவை எஃப்2-க்குக் கொண்டுவந்தால், கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்3, அங்கே பிஷப் ஜி2-வை வெட்டிச் செக். வெள்ளை ராஜா அதை வெட்டப் பின்னால் போக, மறுபடியும் ஈ4 கறுப்புக்கு. டோபலோவ் வெட்டினார். ராஜா ஈ4-க்குப் போய் டி3, சி4 என்று நடந்து பி3-க்கு வந்ததும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஏ சிப்பாயும் டி சிப்பாயும் இரண்டு பக்கம் ஓடினால் ஒரு பிஷப் எதைத்தான் பிடிக்கும்?

இந்த நகர்த்தல் எஞ்சின்களைப் பல வருடம் திணறடித்தது. காய்க்கணக்கில் ஒரு முழு பிஷப் போகிறது. வருவது ஒரே ஒரு நேரம், அந்த நேரத்தின் விலையோ ஏழெட்டு நகர்த்தலுக்குப் பிறகுதான் தெரியும். ஏழு காய்க்குள் அடங்கும் முடிவாட்டங்கள் அனைத்துக்கும் முழு விடையைச் சேமித்துவைத்திருக்கும் சிசிஜி அட்டவணைகள் 2018-ல் முடிந்தன, ஆனால் இந்த நிலையில் பத்துக் காய் இருப்பதால் அதுவும் நேரடியாகக் கைகொடுக்காது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் கண்டுபிடித்துவிடுகிறது. ஆழம் ஏற ஏற பிஷப் எச்3 பட்டியலில் மேலே வருவதை என் பிள்ளைகளுக்கு ஓடவிட்டுக் காட்டுவேன். அந்த அரை நிமிட அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். எண் தாவும் கணத்தில் வகுப்பே கத்தும்.

நியூரல் நெட்வொர்க் வந்த பிறகு என்ன மாறிவிட்டது?

மதிப்பிடும் கண் மாறிவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் பூவும் பிஞ்சும்தான் இருக்கும். வியாபாரி தோப்பை ஒரு சுற்று நடந்துவிட்டு ஒரு தொகை சொல்வார். இத்தனை பிஞ்சு, இத்தனை காய் என்று எண்ணுவதில்லை. முப்பது வருடம் பார்த்த கண், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தை இன்று கொடுத்து, ஆனி மாதத்துப் பழத்தை வாங்குகிறார். பலியும் அதே வியாபாரம்தான்.

பழைய எஞ்சின் பிஞ்சு எண்ணும் ஆள். யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று, ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் இல்லையென்றால் இத்தனை கழிவு என்று மனிதர்கள் எழுதிக்கொடுத்த விதிகளைக் கூட்டிக் கழிக்கும். காயைக் கொடுத்த நிலையில் அந்தக் கணக்கு எப்போதும் கொடுத்தவருக்கு எதிராகவே சாயும். யூ நாசு என்பவர் 2018-ல் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காகச் சிறிய, வேகமான ஒரு நெட்வொர்க்கை உருவாக்கினார். என்என்யூஇ என்று பெயர். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12-ல் அது சேர்ந்தது. ஏராளமான நிலைகளைப் பார்த்துப் பழகிய அந்த நெட்வொர்க், இந்த ராஜா தாங்காது என்பதைத் தேடிப் போகும் முன்பே ஓரளவு மோப்பம் பிடித்துவிடுகிறது. அந்தப் பெண் ஆடியது போன்ற யானைப் பலிகளைப் பழைய எஞ்சின்கள் பாதி மதிப்புக்குக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்த அநியாயம் மிகவும் குறைந்துவிட்டது.

லீலா என்ற எஞ்சினும் ஸ்டாக்ஃபிஷும் ஒரே மாதிரி பார்க்கின்றனவா?

இல்லை. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஜீரோ எஞ்சின் 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று தோற்காமல் வென்றதாக அறிவித்தார்கள். வினாடிக்கு அது பார்த்தது சுமார் 80,000 நிலைகள், ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. குறைவாகப் பார்த்தாலும் எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது. சிப்பாய்களைக் கொடுத்து நெடுநேரம் எதிராளியை நெருக்கும் அதன் ஆட்டங்களைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரர்களே வியந்தார்கள். அந்த வழியில் 2018-ல் பிறந்ததுதான் லீலா செஸ் ஜீரோ.

லீலா ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முதலிலேயே ஒரு வாய்ப்பு எண் போட்டுக்கொள்ளும். மெல்ல நெருக்கும் பலியில் அதன் கண் மிகக் கூர்மை. ஆனால் எச்3 பிஷப் மாதிரி விசித்திரமான ஒரு நகர்த்தலுக்கு ஆரம்ப எண் மிகக் குறைவாக விழுந்துவிட்டால், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க நெடுநேரம் ஆகலாம். நான் இரண்டையும் ஓடவிடுவேன். இரண்டும் வேறு வேறு சொல்லும் நிலைகளில்தான் பாடம் இருக்கிறது.

டீப் ப்ளூ காஸ்பரோவைத் தோற்கடித்ததே ஒரு பலியால்தானே?

1997 மே, நியூயார்க், ஐபிஎம்மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டருக்கும் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் நடந்த ஆறாவது ஆட்டம். எட்டாவது நகர்த்தலில் டீப் ப்ளூ குதிரையை ஈ6-ல் கொடுத்தது. 19 நகர்த்தலில் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார், மொத்தத்தில் 3½–2½. ஆனால் அந்தக் குதிரையை டீப் ப்ளூ யோசித்துக் கொடுக்கவில்லை. மனிதர்கள் அதற்குள் ஏற்றிவைத்திருந்த தொடக்க நகர்த்தல் தொகுப்பிலிருந்து எடுத்து ஆடியது. வினாடிக்கு 20 கோடி நிலைகள் பார்க்கும் எந்திரம் செய்த மிகப் புகழ்பெற்ற பலி மனிதர்கள் தந்த பலி. இதைப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்கிறேன்.

எஞ்சின் 0.00 என்று காட்டினால் பலி வீண் என்று அர்த்தமா?

அந்த எண்ணை மதிப்பெண் மாதிரி படிக்காதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்றால் அந்தப் பக்கம் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதுவும் எஞ்சினும் எஞ்சினும் ஆடினால். 0.00 என்பது இருவரும் தப்பே செய்யாவிட்டால் சமம், அவ்வளவுதான்.

1999-ல் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ போட்டியில் காஸ்பரோவ் டோபலோவுக்கு எதிராக 24-வது நகர்த்தலில் யானையை டி4-ல் கொடுத்தார். டோபலோவ் வெட்டினார். அங்கிருந்து கறுப்பு ராஜா பலகையின் மறுகோடியில் வெள்ளையின் முதல் வரிசை வரை துரத்தப்பட்டது. செஸ் வரலாற்றின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்று. பின்னால் அலசிப் பார்த்தபோது, வெட்டாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்பு சமாளித்திருக்கும் என்று தெரிந்தது. ஒரே ஒரு நகர்த்தல்தான் தப்பிக்கும் வழி. அதைக் கடிகாரம் ஓடும்போது உலகத்தின் முன்னணி ஆட்டக்காரரே பார்க்கவில்லை.

அதனால் எஞ்சினில் மூன்று நான்கு வரிகளை (சிறந்த நகர்த்தல் வழிகளை) காட்டும்படி வைத்து, பலிக்குப் பிறகு எதிராளிக்கு எத்தனை நல்ல பதில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து பதிலும் சமம் என்றால் பலியில் வேகம் இல்லை. ஒரே ஒரு பதில்தான் சமம், மற்றதெல்லாம் தோல்வி என்றால் அந்த 0.00-க்கு வேறு மதிப்பு.

வீட்டில் போன்தான் இருக்கிறது. அதில் ஒழுங்காகப் பார்க்க முடியாதா?

முடியும். லிசெஸ் என்ற செஸ் ஆப் இலவசம், அதில் ஸ்டாக்ஃபிஷ் உங்கள் போனிலேயே ஓடும். போன் சூடாகும், மெதுவாகப் போகும், பரவாயில்லை. முழு ஆட்டத்தையும் ஒரு நிமிடத்தில் அலசித் தரும் அறிக்கையை மட்டும் நம்பாமல், சந்தேகமான அந்த ஒரு நிலையில் நின்று ஓடவிடுங்கள். பலி நகர்த்தலைப் பலகையில் நீங்களே ஆடிவிடுங்கள். அப்போது எஞ்சின் அதை வரிசையின் கடைசியில் வைக்க முடியாது, அங்கிருந்துதான் யோசித்தாக வேண்டும். மூன்று நான்கு நகர்த்தல் முன்னே போய், மெதுவாகத் திரும்பி வாருங்கள். பார்த்ததையெல்லாம் அது நினைவில் வைத்திருக்கும், நடுவில் ஆப்பை மூடிவிடாதீர்கள்.

எண் பெரிதாகக் காட்டுகிறது, ஆனால் ஜெயிக்கும் வழியே தெரியவில்லை?

கோட்டையாக (ராஜாவுக்குக் கட்டும் காஸ்லிங் இல்லை, ஃபோர்ட்ரஸ்) இருக்கலாம். ஒரு பக்கம் காயைக் கொடுத்துவிட்டு யாரும் நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்ட நிலை. எஞ்சின் +3 என்று காட்டிக்கொண்டே இருக்கும், இருபது நகர்த்தல் தள்ளினாலும் எண் அசையாது. அசையாத எண்தான் அடையாளம்.

நம்ம ஊர்க்காரர் ஆட்டம் ஏதாவது சொல்லுங்கள், பையன் பார்க்கட்டும்.

2013 விக் ஆன் ஜீ, ஆரோனியனுக்கு எதிராக ஆனந்த், கறுப்புக் காய். 15-வது நகர்த்தலில் பிஷப்பை சி5-ல் வைத்தார், சிப்பாய் வெட்டக்கூடிய இடம். அடுத்ததில் குதிரையை ஈ5-ல் வைத்தார், அதையும் சிப்பாய் வெட்டலாம். 23 நகர்த்தலில் முடிந்தது. எஞ்சினைத் திறக்காமல், முதலில் ஒவ்வொரு வெட்டையும் பையனே பலகையில் ஆடிப் பார்க்கட்டும்.

எந்த வயதில் எஞ்சினைத் தரலாம்?

2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், தரவரிசைப் புள்ளி 2500-ஐத் தொடும் வரை எஞ்சின் இல்லாமலே பயிற்சி செய்தார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு அது. எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான். பலி கொடுத்த ஆட்டம் என்றால், எஞ்சினைத் திறக்கும் முன் நோட்டில் எழுத வேண்டும்: என்ன கொடுத்தேன், பதிலுக்கு என்ன வரும் என்று நினைத்தேன், எதிராளியின் எந்தப் பதிலுக்குப் பயந்தேன்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண் போன வாரமும் யானையைக் கொடுத்தாள். இந்த முறை தோற்றுவிட்டாள். நோட்டில் எழுதியிருந்தாள்: “சி3 பலவீனம். ராஜா வெளியே. ராணிகள் மாறிவிட்டால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.” எஞ்சினைத் திறந்தோம். முதல் வரியிலேயே ராணிகளை மாற்றியது.